கடல் கடந்த சேமிப்பு: வாசகர் கேள்வி பதில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு மாடியறையில் இருபது ஆண்டுகளாக வரிக் கணக்கு பார்த்துவருகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே கவலையைச் சுமந்து வந்தன. வேறொரு நாட்டில் உழைத்து, அங்கே வரியில்லாக் கணக்கில் போட்டுவைத்த பணம், ஆள் நாடு மாறிய பிறகு என்ன ஆகும்? முதல் கடிதத்துக்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

பிரிட்டனில், லெஸ்டர் நகரில், பதினொரு ஆண்டுகள் தாதியாக வேலை செய்தேன். 2024 நவம்பரில் ஊருக்கே திரும்பிவிட்டேன். அங்கே ஐ.எஸ்.ஏ. கணக்கில் 31,000 பவுண்ட் இருக்கிறது. பழைய சம்பளக் கணக்கில் மிச்சமிருக்கும் பணத்திலிருந்து மாதம் 200 பவுண்ட் இன்றும் தானாக அதில் போய்ச் சேருகிறது. "எல்லாவற்றையும் எடுத்து இங்கே நிரந்தர வைப்பில் போடு" என்கிறார் அண்ணன். "என் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடு, வங்கிக்கு எதுவும் சொல்லாதே, கணக்கு பாட்டுக்கு ஓடட்டும்" என்கிறாள் லெஸ்டரில் இருக்கும் தோழி. யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, பட்டர்வொர்த்

இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம், தங்கையே. முதலில் அந்த 200 பவுண்டை நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் முன்பே நிறுத்தினாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஐ.எஸ்.ஏ. என்றதும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு 1960ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டம் நினைவுக்கு வரும். இது அதுவன்று. 1999 ஏப்ரல் 6 முதல் பிரிட்டனில் நடைமுறையில் இருக்கும் தனிநபர் சேமிப்புக் கணக்கு. ஒருவர் ஆண்டுக்கு 20,000 பவுண்ட் வரை போடலாம். வட்டிக்கும், பங்குகளில் போட்டிருந்தால் அதன் லாபத்துக்கும், அங்கே வரி கிடையாது.

அந்த நாட்டை விட்டு வெளியேறியவர் இந்தக் கணக்கை மூடத் தேவையில்லை. உள்ளே இருக்கும் பணம் அப்படியே வளரலாம். பிரிட்டனின் வரிவிலக்கும் தொடரும். ஆனால் வெளியேறிய வரியாண்டு முடிந்த பிறகு ஒரு காசுகூடப் புதிதாகப் போடக் கூடாது. அரசுப் பணியாக வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய துணைவர்களுக்கும் மட்டுமே இதில் விலக்கு. அங்கே வரியாண்டு ஏப்ரல் 5ஆம் தேதி முடிகிறது. நீங்கள் 2024 நவம்பரில் கிளம்பினீர்கள். ஆகவே 2025 ஏப்ரல் 5 வரை போட்டது செல்லும். ஏப்ரல் 6 முதல் போன ஒவ்வொரு 200 பவுண்டும் விதிக்குப் புறம்பானது. அந்தத் தொகைக்கும் அதற்குச் சேர்ந்த வட்டிக்கும் வரிவிலக்கு இல்லை. முன்பு சேர்ந்த பணத்துக்கு இதனால் பழுது வராது. தவறை நீங்களே வங்கிக்கு எழுதிச் சொல்லுங்கள். தானாக வந்து சொன்னவரிடம் வங்கி நடந்துகொள்ளும் விதமே வேறு.

நாட்டை விட்டு வந்ததையும் நீங்கள் உடனே தெரிவித்திருக்க வேண்டும், அதுவும் விதிதான். தோழி நல்ல எண்ணத்தில்தான் முகவரி தருகிறாள், எனக்குப் புரிகிறது. எனக்கும் ஒரு தோழி அப்படித்தான் தந்தாள்.

நான் 1999 முதல் 2005 வரை லண்டனில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்தேன். திரும்பி வரும்போது ஐ.எஸ்.ஏ. கணக்கில் 9,400 பவுண்ட் இருந்தது. முகவரியாக ஈஸ்ட் ஹாமில் தோழியின் வீட்டைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். 2009இல் அவள் வீடு மாறினாள். அதன் பிறகு வங்கி அனுப்பிய கடிதங்கள் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் விழுந்தன. 2013இல் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பணத்தை எடுக்கப் போனபோது கணக்கு முடக்கப்பட்டிருந்தது. வங்கியில் என் பெயர், அதன் பின்னால் அப்பாவின் பெயர், அவ்வளவுதான் பதிவாகியிருந்தது. கடப்பிதழில் நடுவே "ஏ/பி" என்று இருக்கிறதல்லவா, இன்னாரின் மகள் என்று பொருள்படும் அந்த இரண்டு எழுத்து? அது என் நடுப்பெயரா, அல்லது நான் வேறொருவரா என்று தொலைபேசியில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு ஊழியர்கள் கேட்டார்கள். கடப்பிதழ், அடையாள அட்டை, பழைய சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் நகலெடுத்து, மஸ்ஜித் ஜாமெக் அருகே ஒரு நோட்டரியிடம் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு முத்திரை வாங்கி அனுப்பினேன். ஒன்பது மாதம் ஆனது. பணம் முழுதாக வந்தது. ஆனால் மகளின் முதல் பருவக் கட்டணத்தை என் கழுத்துச் சங்கிலியை அடகுக்கடையில் வைத்துத்தான் கட்டினேன். உண்மையான பட்டர்வொர்த் முகவரியைக் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முகவரியைச் சொன்னால் கணக்கைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். சில நிறுவனங்கள் வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாகப் பங்கு வாங்கும் வசதியை நிறுத்திவைக்கும். சில நிறுவனங்கள் வேறிடம் பாருங்கள் என்று சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னால் ஐ.எஸ்.ஏ. கணக்கிலிருந்து இன்னொரு ஐ.எஸ்.ஏ. கணக்குக்கு, புதிய நிறுவனத்தின் மாற்றுப் படிவம் வழியாகவே மாற்றுங்கள். வெளிநாட்டில் இருந்தபடியே இதைச் செய்ய விதி இடம் தருகிறது. பணத்தைக் கையில் வாங்கி மறுபடி போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வெளியே எடுத்த பணத்தை உங்களால் திரும்ப உள்ளே போட முடியாது.

இனி அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. மலேசியாவில் உரிமம் பெற்ற வங்கிகளில் தனிநபர் போடும் வைப்புத்தொகையின் வட்டிக்கு வரியே கிடையாது. ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை வைப்புக் காப்புறுதியும் உண்டு. அதனால் இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தவருக்கு, "வரியில்லை" என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் பணத்தை அங்கே விட்டுவைக்கத் தேவையில்லை.

ஆனால் நீங்கள் முடிவு செய்துவிட்டீர்களா? கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவில்லை. தாதியருக்கான பிரிட்டன் பதிவைக் கைவிடாமல் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துவருகிறீர்களா? நிரந்தர வசிப்புரிமை வைத்திருக்கிறீர்களா? தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த உரிமை போய்விடும். உங்களுக்கு அந்தக் கெடு 2026 நவம்பர். திரும்பிப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் கணக்கை அப்படியே விடுங்கள். மறுபடி அங்கே குடியேறிய நாளிலிருந்து ஆண்டுக்கு 20,000 பவுண்ட் போடும் உரிமை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும், பழைய 31,000 பவுண்டும் வரியில்லாமல் உள்ளேயே இருக்கும். இன்று எடுத்துவிட்டால் அந்த இடத்தை மறுபடி நிரப்ப இரண்டு வரியாண்டுகள் வேண்டும். பதினொரு ஆண்டு இரவுப்பணி செய்து சேர்த்ததை அண்ணன் சொன்னார் என்று ஒரே வாரத்தில் கலைத்துவிடாதீர்கள்.

பணத்தை இங்கே கொண்டுவருவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாட்டு வருமானத்தை மலேசியாவுக்குள் கொண்டுவரும் தனிநபருக்கு 2036 டிசம்பர் 31 வரை வரிவிலக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது: அந்த வருமானம், அது பிறந்த நாட்டில் வரிக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஏ. வட்டியோ அங்கே வரியே இல்லாதது. ஆகவே "அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை" என்று நாமாகவே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது. நீங்கள் போட்ட முதல் வேறு, அதற்கு வந்த வட்டி வேறு. உங்கள் சம்பளத்திலிருந்து போட்ட முதல், திரும்பி வரும்போது புது வருமானம் ஆகாது. ஆண்டு வாரியான அறிக்கைகளை வங்கியிடம் கேட்டு வாங்கி, எது முதல், எது வட்டி என்று பிரித்து, பணத்தை அனுப்பும் முன்பே வரி முகவரிடம் காட்டுங்கள். அந்தத் தாள்களை ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள்.

திருச்சியிலிருந்து வந்து 2019 முதல் பங்சார் சவுத்தில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். ஊரில் 2015 பிப்ரவரியில் தொடங்கிய பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு இருக்கிறது. தொடர்ந்து பணம் போடலாமா? "பதினைந்து வருடம் முடிந்தால் என்ன, படிவத்தில் நானே உனக்காக நீட்டிப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார் அப்பா.
- வாசகர், கோலாலம்பூர்

போடலாம், தம்பி. பிரிட்டனின் விதிக்கும் இந்தியாவின் விதிக்கும் இங்கேதான் வேறுபாடு. வெளிநாட்டுவாழ் இந்தியர் புதிதாகப் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்க முடியாது. ஆனால் ஊரில் இருந்தபோது தொடங்கியதை முதிர்வு வரை நடத்தலாம், பணமும் போடலாம். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகம் போனால் ஒன்றரை லட்சம். 2020 ஏப்ரல் முதல் வட்டி 7.1 விழுக்காடு; இந்தியாவில் அதற்கு வரி இல்லை.

மொத்தமாகப் போடுகிறவர் என்றால் ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள். மாதத்தின் 5ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையே எது மிகக் குறைந்த இருப்போ அதற்குத்தான் அந்த மாத வட்டி. 6ஆம் தேதி போட்டால் ஒரு மாத வட்டி போயிற்று. பட்டர்வொர்த் வாசகிக்கும் உங்களுக்கும் ஏப்ரல் 5 என்ற ஒரே நாள் முக்கியமாகிவிட்டது, பாருங்கள்!

அப்பா சொல்வதற்கு மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். பதினைந்து ஆண்டுகள் என்பது கணக்கு தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து எண்ணப்படும். உங்கள் கணக்கு 2030 ஏப்ரல் 1ஆம் தேதி முதிர்கிறது. ஊரில் வசிப்பவர் அதை ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். வெளிநாட்டில் வசிப்பவர் நீட்டிக்கக் கூடாது. வசிப்பிடம் பற்றிப் படிவத்தில் கேட்கவில்லை என்று பலர் நீட்டித்து வைத்திருந்தார்கள். இந்திய நிதி அமைச்சு 2024 ஆகஸ்டில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அப்படிப்பட்ட கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 30 வரை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டி மட்டும்; அதன் பிறகு வட்டி சுழியம். அப்பா ஆசையோடு போடும் ஒரு கையெழுத்து உங்கள் பணத்தை வட்டியே இல்லாமல் உறங்க வைத்துவிடும். அதை எடுத்துச் சொன்னால் அவர் நிச்சயம் புரிந்துகொள்வார்.

முதிர்ந்த தொகை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கில்தான், அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் தம் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்கில்தான், சேரும். அதிலிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்ப வழி இருப்பதால் பணம் அங்கேயே சிக்கிக்கொள்ளாது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் நான் கேட்கிறேன்: திருச்சியில் உங்கள் சாதாரணச் சேமிப்புக் கணக்கு இன்னும் உள்ளூர்க் கணக்காகவே இருக்கிறதா? என்னிடம் வரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வேலைக்காக வெளிநாடு வந்தவர் அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும். இங்கே சம்பாதிப்பதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளிநாட்டில் வசிக்கும் வரை அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் 30 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துவிடுவார்கள். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி அது 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதைப் பெற இங்குள்ள உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி இந்திய வங்கிக்குக் கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். டொரொன்டோவில் இருந்த மகன் வேலை மாறி இங்கேயே வந்துவிட்டான். கனடாவின் டி.எஃப்.எஸ்.ஏ. எனும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கை என்ன செய்வது?
- வாசகி, செந்தூல்

வைத்திருக்கலாம், அம்மா. உள்ளே வளர்வதற்கும் எடுப்பதற்கும் கனடா வரி கேட்காது. புதிதாகப் போட்டால்தான் ஆபத்து. அங்கே வசிக்காத காலத்தில் போட்ட தொகைக்கு, அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 விழுக்காடு தண்ட வரி. ஆண்டு முழுவதும் வெளியே இருந்தால் அந்த ஆண்டுக்கான புதிய வரம்பும் சேராது. எடுத்த தொகைக்கான இடம் மறு ஆண்டு திரும்பக் கிடைக்கும். ஆனால் மறுபடி கனடாவில் குடியேறினால்தான் அதைப் பயன்படுத்தலாம். மகனுக்குப் பின்னாளில் அமெரிக்கா போகும் எண்ணம் இருந்தால் போகும் முன்பே ஒரு வரி ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கணக்கை வரியில்லாக் கணக்காக அமெரிக்கா ஏற்பதில்லை.

என் கணவர் இளவயதில் பிரிட்டனில் வேலை செய்தவர். சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அவருடைய மேசை இழுப்பறையில் 2003ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஏ. அறிக்கை ஒன்று கிடைத்தது. 6,000 பவுண்டுக்குச் சற்று அதிகம். அதன் பிறகு ஒரு தாளும் இல்லை. அந்தப் பணம் போயே போய்விட்டதா?
- வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

அம்மா, முதலில் என் ஆழ்ந்த அனுதாபங்கள். அவர் உயிரோடு இருந்தபோதே எடுத்துச் செலவழித்திருந்தால் ஒழிய, பணம் போயிருக்காது. பிரிட்டனில் பதினைந்து ஆண்டுகள் அசையாமல் கிடக்கும் வங்கிக் கணக்கின் பணம் அதற்கென்று உள்ள ஒரு நிதிக்கு மாற்றப்படலாம். மாற்றினாலும் உரியவரின் உரிமை அழிவதில்லை. பழைய வங்கியிடமே கேட்டு வாங்கலாம். இந்தியாவில் இந்தக் காலம் பத்து ஆண்டுகள், நம் நாட்டில் ஏழு. அவருடைய பழைய உள்ளூர்க் கணக்குகளையும் கோரப்படாத பணப் பதிவாளரிடம் ஒருமுறை தேடிப் பாருங்கள். இணையத்தில் இகுமிஸ் என்ற தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

அறிக்கையில் உள்ள வங்கியின் பெயர் இப்போது மாறியிருக்கலாம். அங்கே வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்துகொண்டே இருக்கின்றன. "மை லாஸ்ட் அக்கவுன்ட்" என்ற சேவை, பெயரையும் பழைய முகவரியையும் வைத்து இன்று எந்த வங்கி பொறுப்பு என்று தேடித் தரும். அதுவும் இலவசம். மீட்டுத் தருகிறேன், இத்தனை விழுக்காடு கொடுங்கள் என்று யார் வந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐ.எஸ்.ஏ. கணக்கில் நம் ஊழியர் சேமநிதியில் இருப்பதுபோல வாரிசு நியமனம் இல்லை. இறந்தவரின் சொத்தோடு சேர்த்தே பார்ப்பார்கள். பெரிய தொகை என்றால் நீதிமன்ற ஆவணம் கேட்பார்கள். சிறிய தொகைக்கு ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதற்குள் இருந்தால் இறப்புச் சான்றிதழும் உறுதிமொழியும் போதும். உங்கள் தொகைக்கு அந்த எளிய வழி கிடைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. அங்கே மரபுரிமை வரி பிடுங்கிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள். பிரிட்டனில் உள்ள அவருடைய சொத்து 325,000 பவுண்டைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே எழும்.

இறப்புச் சான்றிதழ் மலாய் மொழியில் இருக்கும். சான்று பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். அந்த 2003ஆம் ஆண்டுத் தாளை மட்டும் எக்காரணத்துக்காகவும் அஞ்சலில் அனுப்பாதீர்கள், நகல் போதும். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டவும் வேண்டாம், மூலத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் அப்படியே இருக்க வேண்டும். கடிதத்தின் முதல் வரியில், தாளில் உங்கள் கணவர் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, ஒரு புள்ளி மாறாமல் எழுதுங்கள். அடுத்த வரியில் இறப்புச் சான்றிதழில் உள்ள பெயரை, இன்னாரின் மகன் என்று பொருள்படும் நடுவே உள்ள "ஏ/எல்" உட்பட, எழுதுங்கள். இரண்டும் ஒருவரே என்று அதன் கீழே எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்திடுங்கள்.